சைப்பிரஸ் தீவில் அமைதிப் படை

மத்தியதரைக் கடலின் கீழ்க்கோடியிலே, துருக்கியின் தென்கரையிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர் தொலைவில் சைப்பிரஸ் என்னும் தீவு கிடக்கின்றது. நம் இலங்கையை ஏழு கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவினதே அது. செம்பும் திராட்சையும் ஒலிவமும் விளையும் இச்சிறு தீவு, தன் வரலாறு முழுவதிலும் பிறர் கைமாறிய பொருளாகவே இருந்து வந்தது. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொள்வது அந்தப் பழங்கதையன்று. அமைதி காத்தல் என்ற பெயரைத் தாங்கிய அன்னியப் படைகள் பதினோராண்டு காலத்துள் மூன்று முறை அங்கே களம் புகுந்தன. 1963 டிசெம்பரில் பிரித்தானியர், 1964 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபையார், 1974 யூலையில் துருக்கியர். மூவரும் தாம் செய்தது அமைதிப் பணி என்றே கூறினர். மூவரும் செய்தவையோ ஒன்றற்கொன்று முற்றும் வேறானவை.

1571 ஆம் ஆண்டில் ஒட்டோமன் துருக்கியர் தீவைக் கைப்பற்றியபோது, அங்கே கிரேக்க மொழி பேசி, கிழக்கு வைதிகத் திருச்சபையைச் சார்ந்த மக்களே பெரும்பாலராய் இருந்தனர். வெற்றி கொண்ட படையினரும் குடியேறியோரும் மதம் மாறியோரும் சேர்ந்து முஸ்லிம் சமூகமொன்று அங்கே வேரூன்றியது. 1960 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 78 பேர் வரையிற் கிரேக்கர், 18 பேர் வரையிற் துருக்கியர். எஞ்சியோர் ஆர்மீனியர், மரோனியர் முதலானோர். இவர்கள் தீவின் இருவேறு பக்கங்களில் வாழ்ந்தாரல்லர் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரே ஊரில் கோவிலின் மணிக்கூண்டும் பள்ளிவாசலின் தூபியும் அடுத்தடுத்து நின்றன. கிரேக்க ஊருக்கு அடுத்தது துருக்கிய ஊர். அதற்கடுத்தது இருசாராரும் கலந்து வாழும் ஊர். வரைபடத்திலே இவர்களைக் கோடிட்டுப் பிரிக்க அன்று எவராலும் இயன்றிராது.

1878 இல் தீவின் ஆட்சி பிரித்தானியர் கைக்கு வந்தது. கிரேக்கருள் வளர்ந்த விடுதலை வேட்கை, தனி நாடாவதை நாடியதன்று. தாய்நாடாகிய கிரீசுடன் ஒன்றுசேர்வதையே நாடிற்று. ‘எனோசிஸ்’ என்பது அவ்வேட்கையின் பெயர். அதற்கு மறுமொழியாகத் துருக்கியரிடையே எழுந்தது ‘தக்சிம்’, அதாவது பிரிவினை. 1955 ஏப்பிரில் முதலாந் திகதி கேணல் கிரிவாஸ் தலைமையில் ‘எயோக்கா’ என்னும் இரகசிய இயக்கம் பிரித்தானியருக்கெதிராக ஆயுதம் ஏந்தியது. அவ்வியக்கத்தை ஒடுக்க அரசினர் துருக்கியரைத் துணைப் பொலிஸாராகப் பெருமளவிற் சேர்த்தனர். கிரேக்க இளைஞன் சுட்ட குண்டு துருக்கியக் காவலன்மீது பாய்ந்தது. அரசுக்கெதிரான போர் அண்டை வீட்டானுக்கெதிரான பகையாயிற்று. பிற்காலத்து வினைகட்கெல்லாம் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது என்பது என் துணிபு.

1959 பெப்ரவரியில் கிரீசும் துருக்கியும் சூரிச் நகரிற் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பின்னர் லண்டனிலே தீவின் தலைவர்கள் அதற்குக் கையொப்பமிட்டனர். 1960 ஓகஸ்ட் 16 ஆந் திகதி சைப்பிரஸ் குடியரசாயிற்று. ஜனாதிபதி கிரேக்கர், உப ஜனாதிபதி துருக்கியர், முக்கிய விடயங்களில் இருவருக்கும் தடையதிகாரம் உண்டு. பிரதிநிதிகள் சபையில் 35 கிரேக்கரும் 15 துருக்கியரும். அரசாங்க சேவையில் நூற்றுக்கு 70க்கு 30. இராணுவத்தில் 60க்கு 40. அதிமேற்றிராணியார் மகாரியோஸ் ஜனாதிபதியாகவும் வைத்தியர் பாசில் குச்சுக் உப ஜனாதிபதியாகவும் பதவியேற்றனர்.

இவற்றோடு உத்தரவாத உடன்படிக்கை ஒன்றும் எழுதப்பட்டது. பிரித்தானியா, கிரீஸ், துருக்கி ஆகிய மூன்று நாடுகளும் புதிய குடியரசுக்குப் பிணை நின்றன. அரசியற்றிட்டம் மீறப்படுமாயின் அவை கூடி ஆராய வேண்டும். கூட்டு நடவடிக்கை இயலாதாயின் ஒவ்வொன்றும் தனித்தே நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் உடன்படிக்கையால் ஏற்பட்ட நிலையை மீட்டமைப்பதொன்றே அதன் நோக்கமாக இருத்தல் வேண்டும் என்றது அதன் நாலாம் உறுப்புரை. ‘நடவடிக்கை’ என்ற சொல் படையெடுப்பையும் உள்ளடக்குமா? எழுதியவர்கள் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதனாலேதான் மூவரும் கையொப்பமிட முடிந்தது போலும்.

மூன்றாண்டுகள் கூட இவ்வரசு நிம்மதியாக நடைபெறவில்லை. நகரசபைகளைத் தனித்தனியே அமைப்பதா, வரிச் சட்டத்தை யார் நிறைவேற்றுவது, படையணிகளைக் கலப்பதா பிரிப்பதா என்ற ஒவ்வொரு வினாவிலும் வண்டி தடம் புரண்டது. 1963 நவம்பர் 30 ஆந் திகதி மகாரியோஸ் அரசியற்றிட்டத்தில் 13 திருத்தங்களை முன்வைத்தார். ஆட்சி இயங்குதற்கு அவை தேவையென்றார் அவர். எங்கள் காப்புகளைக் களையும் சூழ்ச்சி என்றனர் துருக்கியர். டிசெம்பர் 21 ஆந் திகதி விடியுமுன்னர், நிக்கோசியா நகரத் தெருவொன்றிலே பொலிஸ் ரோந்தொன்று துருக்கியர் சிலரைச் சோதனையிட முற்பட்டதிற் கைகலப்பு மூண்டது. துருக்கியர் இருவர் சுடப்பட்டு மாண்டனர். அன்றே நகரம் பற்றி எரியத் தொடங்கியது. நத்தார் நாளன்று துருக்கிய விமானங்கள் நிக்கோசியாவின் மேலே தாழப் பறந்தன.

பிரித்தானியருக்குத் தீவிலே இரண்டு படைத்தளங்கள் உண்டு. அங்கிருந்த துருப்புகள், மூன்று உத்தரவாத நாடுகளின் கூட்டுப்படை என்ற பெயரில், ஜெனரல் பீற்றர் யங் தலைமையில் நகருட் புகுந்தன. பெயர் கூட்டுப்படையாயினும் தெருவில் நின்றவர் பிரித்தானிய வீரரே. டிசெம்பர் 30 ஆந் திகதி, இருசாராரையும் பிரித்து நிறுத்துதற்கு எல்லை ஒன்று குறிக்கப்பட்டது. நகர வரைபடத்தின்மேல் யங் அதனைப் பச்சைப் பென்சிலால் வரைந்தார். ‘பச்சைக் கோடு’ என்ற பெயர் அவ்வாறு வந்ததே. போர்நிறுத்தத்துக்கென அவசர அவசரமாக இழுத்த கோடு அது. சில கிழமைகளுக்குமேல் நிற்குமென்று அதனை வரைந்தவர் எண்ணியிருக்க மாட்டார்.

பிரித்தானியருக்கு இப்பாரத்தைத் தனித்துச் சுமக்க விருப்பமில்லை. வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகளிலிருந்து 10,000 பேர் கொண்ட படையொன்றை அனுப்பலாம் என்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் யோசனை கூறின. மகாரியோஸ் மறுத்துவிட்டார். கிரீசும் துருக்கியும் உறுப்பினராயுள்ள கூட்டமைப்பின் படையை நடுவுநிலைப் படையென எவ்வாறு கொள்வது? ஐக்கிய நாடுகள் சபையின் படையே வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1964 மார்ச் 4 ஆந் திகதி பாதுகாப்புச் சபை தனது 186 ஆம் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. மூன்று மாத காலத்துக்கென ஒரு படை. அதன் செலவு நாடுகள் மனமுவந்து கொடுக்கும் நன்கொடையினால். பிரித்தானியா, கனடா, சுவீடன், பின்லாந்து, அயர்லாந்து, டென்மார்க் ஆகியவை படைவீரரை அனுப்பின. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஒஸ்திரியா முதலியவை பொலிஸாரைத் தந்தன. அவ்வாண்டு நடுப்பகுதியில் ஏறக்குறைய 6,400 பேர் நீலத் தொப்பி அணிந்து தீவில் நின்றனர்.

படைக்குத் தலைமை தாங்கியோர் வரிசையில் நம் அண்டை நாட்டார் மூவர் உளர். முதற் தளபதி இந்தியரான ஜெனரல் ஞானி. அவருக்குப்பின் 1964 யூலையில் வந்தவர் கூர்க் நாட்டைச் சேர்ந்த ஜெனரல் திம்மையா. கொரியப் போர்க் கைதிகள் விவகாரத்திலே நடுவுநிலை நாடுகளின் ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்து நற்பெயர் பெற்றவர். 1965 டிசெம்பர் 18 ஆந் திகதி, பதவியிலிருக்கும்போதே அவர் சைப்பிரஸில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு அத்தீவின் அரசு அவர் உருவம் பொறித்த தபால் முத்திரையொன்றை வெளியிட்டது. ஒன்றோடொன்று ஒவ்வாத இரு சாராரிடையே இருபது மாதங்கூட நில்லாத அன்னியனுக்கு அத்தகைய மதிப்புக் கிடைத்தது சிறிய காரியமன்று. மூன்றாமவர் ஜெனரல் பிரேம் சந்த். அவரைப் பின்னர் காண்போம்.

இப்படையினர் செய்த வேலை யாது? போர் புரிவதன்று. தற்காப்புக்கன்றித் துவக்கை உயர்த்த அவர்களுக்கு அனுமதி இல்லை. சண்டை மீளவும் மூளாது தடுப்பதும், சட்டமும் ஒழுங்கும் நிலவ உதவுவதும், இயல்பு வாழ்வு திரும்பத் துணை நிற்பதுமே அவர்களின் பொறுப்பு. கேட்க எளிதாய்த் தோன்றும் இச்சொற்களுக்கு இருசாராரும் வேறுவேறு பொருள் கொண்டனர். இயல்பு வாழ்வு என்றால் கலகக்காரரான துருக்கியரின் ஆயுதங்களைக் களைந்து அரசின் அதிகாரத்தை எங்கும் நிலைநாட்டுவது என்றனர் கிரேக்கர். 1960 ஆம் ஆண்டு அரசியற்றிட்டத்தை அப்படியே மீட்டுத் தருவது என்றனர் துருக்கியர். இரண்டையும் செய்ய மறுத்தமையால் படை இருவரிடமும் வசை கேட்டது.

படையினர் அவ்வாண்டிலே எடுத்த சேதக் கணக்கு ஒன்றை இங்கே குறிப்பிடுதல் தகும். 109 ஊர்களில், பெரும்பாலும் துருக்கிய ஊர்களிலும் கலப்பூர்களிலும், 527 வீடுகள் அழிந்திருந்தன. மேலும் 2,000 வீடுகள் சூறையாடப்பட்டுச் சிதைந்திருந்தன. சுமார் 25,000 துருக்கியர் தம் ஊர்களை விட்டு, ஆயுதந் தாங்கிய தம்மவர் காவல்புரியும் ஒதுக்கிடங்களுக்குள் அடைந்து கிடந்தனர். அவ்விடங்களுக்குச் சீமெந்து, இரும்பு, மோட்டார் ரயர் முதலியன செல்லக்கூடாதென்று அரசு தடை விதித்தது. மறுபுறத்தில், தம் மக்கள் பழைய ஊர்களுக்குத் திரும்புவதைத் துருக்கியத் தலைவர்களும் விரும்பவில்லை. சிதறியிருந்தோரை ஓரிடத்தே திரட்டுவது பிரிவினைக்கு அடித்தளமாகுமன்றோ! அகதியின் துன்பம் இருசாராரின் அரசியலுக்கும் வேண்டப்பட்டதாயிற்று.

இத்தகைய சூழலில் நீலத் தொப்பியினர் செய்தவை சிறிய செயல்களே. உழவன் தன் வயலில் அறுவடை செய்யும்போது அவனுக்கும் எதிர்த்தரப்புக் காவலரணுக்கும் நடுவே நின்றார்கள். குடிநீர்க் குழாயையும் மின்கம்பியையும் பழுது பார்ப்போருக்கு வழித்துணை சென்றார்கள். கடிதங்கள் மறுபக்கம் செல்ல ஏற்பாடு செய்தார்கள். நிக்கோசியாவிலிருந்து வடகரைப் பட்டினமாகிய கிரேனியாவுக்குச் செல்லும் பெருவீதி துருக்கியப் போராளிகள் கையிலிருந்தது. 1964 ஒக்டோபரில், நீண்ட பேச்சுவார்த்தையின்பின், அது அமைதிப்படையின் பொறுப்பிற் திறந்து விடப்பட்டது. அன்று தொட்டுப் பல ஆண்டுகளாகக் கிரேக்கர் நாளுக்கு இருமுறை, அமைதிப்படையின் வண்டிகள் முன்னும் பின்னும் செல்ல, அணிவகுப்பாக அவ்வீதியிற் பயணஞ் செய்தனர். தன் சொந்த நாட்டின் பெருவீதியிலே அன்னியன் துணையோடு செல்வது மானக்கேடு என்று முறையிட்டாருமுளர். ஆயினும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தனர்.

எனினும் பெருஞ் சண்டைக்கு இருசாராரும் துணிந்துவிட்டால் தடுக்கும் ஆற்றல் அப்படைக்கு இல்லை. லிமசோல் துறைமுகத்தின் வழியாகக் கிரீசிலிருந்து ஆயிரக்கணக்கான துருப்புகள் வந்திறங்கியதை அவர்கள் அறிவர், தடுக்க முடியவில்லை. 1964 ஓகஸ்டில் கொக்கினா என்னும் கடற்கரை ஊரைக் கிரேக்கர் தாக்கியபோது, துருக்கிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. 1967 நவம்பரில் கொபினு என்னுமிடத்தில் கிரிவாஸின் படையினர் துருக்கியரைத் தாக்கிப் பலரைக் கொன்றனர். அவ்வேளை யுத்தத்தைத் தவிர்த்தது அமெரிக்கத் தூதர் சைரஸ் வான்சின் ஓட்டமும் நடையுமான சமரச முயற்சியே. கிரீஸ் தன் மேலதிகத் துருப்புகளைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அதன்பின் சில நல்லாண்டுகள் வந்தன. 1968 இல் மகாரியோஸ் போக்குவரத்துத் தடைகளை நீக்கினார். கிளெரிதஸ், டெங்டாஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் இருசாராரின் சார்பிற் பேச அமர்ந்தனர். ஆறாண்டுகள் பேசினார்கள். காலம் நிறைய உண்டு என்று எண்ணினார்கள். அமைதிப் படை காவல் நிற்கும்போது அவசரமென்ன? இப்படை பற்றிச் சொல்லப்படும் குறைகளுள் மெய்யானது இதுவே என்பேன். உயிரிழப்பு நின்றதும் உடன்பாட்டின் தேவையும் தலைவர்களின் கண்ணுக்கு மங்கியது.

1974 யூலை 15 ஆந் திகதி, ஏதென்சிலிருந்த இராணுவச் சர்வாதிகாரிகள் மகாரியோசைக் கவிழ்த்து, நிக்கோஸ் சாம்சன் என்பவரை ஜனாதிபதியாக்கினர். துருக்கியருக்கெதிரான சண்டையிற் பெயர் பெற்ற மனிதர் அவர். துருக்கியப் பிரதமர் எஜெவிற் லண்டனுக்கு விரைந்து, உத்தரவாத நாடென்ற முறையிற் கூட்டாகச் செயற்படப் பிரித்தானியாவை அழைத்தார். பிரித்தானியா இணங்கவில்லை. யூலை 20 ஆந் திகதி துருக்கியப் படைகள் கிரேனியாவுக்கு அருகே கரையிறங்கின. துருக்கி அதற்கு இட்ட பெயர் ‘சமாதான நடவடிக்கை’. நாலாம் உறுப்புரையே அதன் வாதம்.

அவ்வாதத்தை எளிதிற் தள்ளிவிட முடியாது. சாம்சனின் கையில் தம் கதி என்னவாகுமென்று துருக்கியர் அஞ்சியதற்குப் பத்தாண்டு அனுபவம் இருந்தது. ஆனால் யூலை 23 ஆந் திகதி சாம்சன் பதவி துறந்தார். சட்டப்படி உரிமையுடைய கிளெரிதஸ் பதில் ஜனாதிபதியானார். ஏதென்சின் சர்வாதிகாரமும் வீழ்ந்தது. உடன்படிக்கை கூறிய நிலையை மீட்டமைத்தலே நோக்கமாயின், அதற்கு வழி அன்று திறந்திருந்தது. ஜெனீவாவிற் பேச்சு முறிந்ததும், ஓகஸ்ட் 14 ஆந் திகதி துருக்கியப் படை இரண்டாம் முறை முன்னேறி, தீவின் 36 வீதத்துக்கு மேற்பட்ட நிலத்தைக் கைப்பற்றிற்று. அரசியற்றிட்டத்தை மீட்க வந்த படை பிரிவினையை நிறுவிற்று. சுமார் 1,60,000 கிரேக்கர் தெற்கே ஓடினர். அதே நாட்களில் மராத்தா, தொக்னி முதலிய ஊர்களிலே துருக்கியர் கிரேக்க ஆயுததாரிகளாற் கொன்று புதைக்கப்பட்டனர். பலெக்கித்ரோவிலே கிரேக்கக் குடும்பத்தினர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஐக்கிய நாடுகள் படை அப்போது யாது செய்தது? படையெடுப்பைத் தடுக்க அதற்கு ஆணையுமில்லை, ஆயுதபலமுமில்லை. ஓரிடத்தில் மட்டும் அது பின்வாங்க மறுத்தது. நிக்கோசியா விமான நிலையத்தைக் கைப்பற்ற இருதரப்பும் நெருங்கியபோது, தளபதி பிரேம் சந்த் அதனை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பிடமென அறிவித்துத் தம் வீரரை நிறுத்தினார். பிரித்தானியா மேலதிகத் துருப்புகளை அனுப்பி உறுதுணை புரிந்தது. துருக்கியர் உட்புகவில்லை. பயணிகள் விமானம் எதுவும் அதன்பின் அங்கே இயங்கியதில்லை. துருப்பிடித்த ரைடன்ட் விமானமொன்று ஓடுபாதையோரத்தே பல்லாண்டுகளாய் நிற்கின்றது.

அதனிலும் கசப்பான கடமையொன்று அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்தது. 1975 ஓகஸ்டில் வியன்னாவில் ஏற்பட்ட இணக்கத்தின்படி, தெற்கில் எஞ்சியிருந்த துருக்கியர் விரும்பினால் வடக்கே செல்லலாம். அமைதிப்படை வழித்துணை புரியும். மக்கள் தம் பழைய ஊர்களிற் கலந்து வாழும் இயல்பு நிலையை மீட்கப் பதினோராண்டுகளுக்குமுன் வந்த படை, இப்போது அவர்களை வண்டிகளில் ஏற்றிப் பிரிந்த புறங்களுக்குக் கொண்டு சென்றது. அதைச் செய்யாது விட்டிருக்கலாமா? செய்யாவிடின் வழியிலே எத்தனை பேர் மாண்டிருப்பர்?

ஒரு நகரத்தின் குறுக்கே இழுக்கப்பட்ட பச்சைக் கோடு, இவ்வாறாகத் தீவின் குறுக்கே 180 கிலோமீற்றர் நீண்டது. சில இடங்களில் அது ஒடுங்கிய சந்து. சில இடங்களில் 7 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அகலம். 1983 நவம்பரில் வடபகுதித் துருக்கியர் தனிக் குடியரசைப் பிரகடனஞ் செய்தனர். துருக்கியைத் தவிர வேறெந்த நாடும் அதனை ஏற்கவில்லை. 2003 ஏப்பிரிலிற் கடவைகள் திறக்கப்பட்டபோது, முப்பதாண்டு காணாத வீடுகளைக் காண இருபுறத்தாரும் வரிசையில் நின்றனர். 2004 ஏப்பிரில் 24 ஆந் திகதி, கோபி அனானின் ஐக்கியத் திட்டத்தின்மீது வாக்கெடுப்பு நடந்தது: துருக்கியரில் 65 வீதத்தினர் ஆம் என்றனர், கிரேக்கரில் 76 வீதத்தினர் இல்லை என்றனர். ஒரு கிழமை கழிய, பிளவுண்ட நிலையிலேயே சைப்பிரஸ் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தது. 2017 இல் சுவிற்சர்லாந்தில் நடந்த பேச்சும் பயனின்றி முடிந்தது.

மூன்று மாதத்துக்கென வந்த படை அறுபது ஆண்டுகளைக் கடந்து அங்கே நிற்கின்றது. அதன் பணியில் உயிரிழந்தோர் 180க்கு மேற்பட்டோர். இன்று நீலத் தொப்பியினர் சில நூற்றுவரே. தடையிடத்துள் இருசாராரும் சேர்ந்து வாழும் பீலா என்னும் ஊரைக் கண்காணிப்பதும், எல்லையோரத்து உழவருக்கு அனுமதி வழங்குவதும், காவலரண்களிற் புதிதாக வைக்கும் மண்மூட்டைகளை எண்ணுவதும் அவர்களின் அன்றாட வேலை. 1974 முதல் அக்கோட்டிலே பெருஞ் சண்டை எதுவும் மூளவில்லை.

பழைய விமான நிலையத்தை அடுத்த அந்தப் பாதுகாப்பிடத்தினுள்ளே ஓர் ஆய்வுகூடம் உண்டு. 1981 இல் நிறுவப்பட்ட காணாமற்போனோர் குழுவினுடையது அது. 1963 முதல் 1974 வரை காணாமற் போனோராகப் பட்டியலில் உள்ளவர் 2,002 பேர்: கிரேக்கர் 1,510, துருக்கியர் 492. கிரேக்க, துருக்கிய இளம் விஞ்ஞானிகள் ஒரே மேசையில் அருகருகே நின்று, கிணறுகளிலும் வயல்களிலும் தோண்டியெடுத்த என்புகளை ஒழுங்குபடுத்துகின்றனர். இதுவரை 1,000 பேருக்கு மேற்பட்டோர் அடையாளங் காணப்பட்டு, அவரவர் குடும்பத்தாரிடம் நல்லடக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்டுள்ளனர்.